கேள்வி ஒரு பாஷை, பதில் ஒரு பாஷை

ஜாஸ் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர்களில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. ஒரு கட்சிக்கு அது ஹோட்டல் சங்கீதம். சிகரெட் புகையோடு சேர்ந்தது. கௌரவமான வீடுகளில் கேட்கத் தகாதது. இன்னொரு கட்சிக்கு, நம் மிருதங்கத்தை எந்த வெள்ளைக்காரர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாலும் அது மகத்தான சாதனை. உலகம் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது என்று கைதட்டிவிடுவார்கள். இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு குணம் உண்டு. இசைத்தட்டை யாரும் கடைசிவரை கேட்பதில்லை.

சில மாதங்களாக நான் இவற்றைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டு வருகிறேன். ஜாஸ் முழுவதையும் அல்ல. அது ஒரு சமுத்திரம். நம் தென்னாட்டு சங்கீதமும் ஜாஸும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய தட்டுகளை மட்டும். அப்படிப் பேசியதாகப் பெயர் பண்ணிக்கொண்டவையும் இதில் சேர்த்தி. சில எனக்குப் பிடித்தன. சில, எல்லோரும் கொண்டாடுகிறார்கள் என்பதற்காகவே இரண்டு மூன்று தடவை கேட்டும் பிடிக்கவில்லை. இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஜாஸ் பழக்கமில்லாத வாசகருக்கு ஒரு வார்த்தை. ஜாஸ் வித்வான்கள் பெரும்பாலும் ஒரு சின்னப் பாட்டை எடுத்துக்கொள்கிறார்கள். முப்பத்திரண்டு கட்டம் கொண்ட ஒரு சினிமாப் பாட்டாகவோ நாடகப் பாட்டாகவோ இருக்கும். அல்லது பன்னிரண்டு கட்டத்தில் முடியும் 'ப்ளூஸ்' ஆக இருக்கும். முதலில் எல்லோரும் சேர்ந்து பாட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அதே கட்டங்களுக்குள் தம் கற்பனையை ஓட விடுவார்கள். கடைசியில் மறுபடி பாட்டு. நிரவலும் கல்பனாஸ்வரமும் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் அந்நியமாக எதுவுமில்லை. இடத்துக்கு வந்து சேருகிறானா என்று நாம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு காத்திருக்கிறோமே, அதே ஆவலோடுதான் அவர்களும் காத்திருக்கிறார்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் பாடகருக்குக் காலடியில் தரை அசைவதில்லை. ஷட்ஜமும் பஞ்சமமும் தம்பூராவில் நின்றபடி நிற்கின்றன. அந்த நிலையான தரையின்மேல்தான் ராகம் வளைந்தும் குழைந்தும் நடக்கிறது. ஜாஸ் வித்வானுக்கோ நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை தரையே நகர்ந்துவிடும். பியானோவோ கிட்டாரோ ஸ்வரங்களைக் கொத்துக் கொத்தாக அடுக்கி மாற்றிக்கொண்டே போகும். அந்த மாற்றத்தை அனுசரித்துத்தான் அவர் மேலே வாசிக்கவேண்டும். ஆகவே இருவரும் சேரும்போது யாராவது ஒருவர் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். அடியில் கொத்து ஸ்வரம் ஓடினால் ராகத்தின் உயிர் நசுங்குகிறது. அதை எடுத்துவிட்டாலோ ஜாஸ்காரருக்கு வேலையில் பாதி போய்விடுகிறது. யார் எதை விட்டார்கள், எதைப் பெற்றார்கள் என்பதுதான் இந்தத் தட்டுகளில் கவனிக்கவேண்டிய விஷயம். "ஆகா, என்ன கலப்பு!" என்று நின்றுவிடுவது ரஸனையாகாது.

கலப்பு என்ற சொல்லின்மீதே எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. நான் இருக்கும் ஓசூரில் அந்தச் சொல்லுக்குத் தேவையே ஏற்படுவதில்லை. அத்திப்பள்ளி வந்துவிட்டால் கர்நாடகம். பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் லாரியும் செய்கிற ஊர் இது. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், தொழிற்சாலையில் ஹிந்தியும் இங்கிலீஷும் என்று ஒரே மனிதர் ஒரு நாளைக்குள் நாலைந்து பாஷையில் காரியம் பார்க்கிறார். மார்க்கெட்டில் பூ வாங்க வருகிறவர் கன்னடத்தில் கேட்பார். பூக்காரம்மாள் தெலுங்கில் பதில் சொல்வாள். பேரம் தமிழில் முடியும். இரண்டு பாஷையையும் போட்டுப் பிசைந்து மூன்றாவதாக ஒன்றை யாரும் உண்டாக்குவதில்லை. அவரவர் பாஷையில் அவரவர் பேசுகிறார்கள். எதிராளி சொல்வது இருவருக்கும் புரிகிறது. சங்கீதத்தில் இது நடக்கிறதா என்பதுதான் என்னுடைய அளவுகோல்.

பழைய தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 1958இல் டேவ் புரூபெக் என்ற பியானோ வித்வான் தம் நால்வர் கோஷ்டியுடன் அமெரிக்க அரசாங்கத்தின் ஏற்பாட்டில் உலகம் சுற்றினார். சென்னைக்கும் வந்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு அசந்துபோனவர்களில் அவர் கோஷ்டியும் ஒன்று. ஊர் திரும்பியதும் அதே ஆண்டில் 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா' என்று ஒரு தட்டு பதிவு செய்தார். அதில் 'கல்கத்தா ப்ளூஸ்' என்று ஓர் உருப்படி இருக்கிறது. பியானோவின் இடதுகை தம்பூரா மாதிரி ஒரே இடத்தில் நிற்கப் பார்க்கிறது. ஜோ மொரெல்லோ தம் டிரம்ஸைத் தபலாவைப்போல நடத்தப் பார்க்கிறார். மரியாதை தெரிந்த மனிதர்கள்; கேலி இல்லை, அவசரம் இல்லை. இருந்தும் அது ஊர் பார்க்க வந்தவர் வீட்டுக்கு எழுதிய கடிதமாகத்தான் இருக்கிறது. நம்மைப்பற்றிய கடிதம், நமக்கு எழுதியதல்ல.

இதே கோஷ்டி மறு வருஷம், 1959இல், பதிவு செய்த 'டேக் ஃபைவ்' உலகப் பிரசித்தி பெற்றது. எழுதியவர் ஸாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். ஐந்து எண்ணிக்கைத் தாளம் என்பதால் அமெரிக்காவில் பெரிய அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள். நமக்குக் கண்டசாபு பிறந்த வீட்டுச் சொத்து. ஆனால் கண்டசாபு இரண்டும் மூன்றுமாக நடக்கும். டெஸ்மண்டின் ஐந்து மூன்றும் இரண்டுமாக நடக்கிறது. எண்ணிக்கை ஒன்றானாலும் நடை வேறு. கையால் போட்டுப் பார்த்தால்தான் அந்தச் சுகம் தெரியும். வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல், "இதெல்லாம் நம்மிடமிருந்து போனது" என்று மார்தட்டுகிற ரஸிகர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

டியூக் எல்லிங்டன் 1963இல் இந்தியாவுக்கு வந்தார். அப்போதே அறுபத்து நாலு வயது. ஜாஸ் உலகில் பிதாமகர். அவர் ராகம் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1966 டிசம்பரில் 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' என்று பெரிய கோஷ்டியோடு ஒன்று பதிவு செய்தார். அதில் டில்லியில் கேட்ட ஒரு மைனாவின் குரலைச் சின்னஞ்சிறு சங்கதியாக வைத்து ஓர் உருப்படி உண்டு. ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் அந்த மைனாவாக வந்துபோகிறது. மற்றதெல்லாம் எல்லிங்டனின் ஹார்லெம்தான். ஒரு நாட்டுக்குப் போய்விட்டு அந்த நாட்டு சங்கீதத்தைத் தொடாமல், ஒரு பறவையின் சப்தத்தை மட்டும் எடுத்துவந்த அடக்கத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். தமக்கு எது தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜான் கோல்ட்ரேனின் 'இந்தியா' 1961 நவம்பரில் நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற இடத்தில் மேடையிலேயே பதிவானது. கோல்ட்ரேன் இந்தியாவைப் பார்த்ததேயில்லை. ரவிசங்கரின் சிதாரைத் தட்டுகளில் கேட்டிருந்தார். பின்னால் அவர்மீது கொண்ட பக்தியில் தம் பிள்ளைக்கு ரவி என்று பெயர் வைத்தார். இந்தத் தட்டில் அவர் இரண்டு பேஸ் வாத்தியங்களை வைத்துக்கொண்டு ஒரே சுருதியில் தரையை நிறுத்திவிடுகிறார். நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை நகர்ந்த தரை நின்றுபோகிறது. அந்த நின்ற தரையின்மேல் அவர் சொப்ரானோ ஸாக்ஸபோனில் கூப்பிடுகிறபோது எனக்கு ஸ்வாமி புறப்பாட்டு நாகஸ்வரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. எந்த ராகம் என்று தேடாதீர்கள், கிடைக்காது. எரிக் டால்ஃபி பாஸ் கிளாரினெட்டில் போடுகிற கூச்சல் சிலருக்குப் பொறுக்காது. எனக்கே முதல் தடவை பொறுக்கவில்லை. இந்திய வாத்தியம் ஒன்றுகூட முன்னால் வந்து நிற்கவில்லை. ஆனாலும் நம் சங்கீதத்தின் ஆதாரமான ஒரு சங்கதி, அதாவது சுருதி நின்றால் மனசு எவ்வளவு தூரம் போகலாம் என்பது, இவருக்குத்தான் பிடிபட்டது என்று தோன்றுகிறது.

இனி சக்தி. இந்த இடத்தில் பல நண்பர்களுடைய பகையைச் சம்பாதிக்கவேண்டியிருக்கும். ஜான் மக்லாஃப்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகீர் ஹுசேன் தபலா, ராம்நாட் ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். முதல் தட்டு 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மேடையில் பதிவாகி 1976இல் வெளிவந்தது. இவர்கள் யாருடைய வித்வத்தைப்பற்றியும் சந்தேகம் கிளப்ப நான் யார்? மக்லாஃப்லின் நம் கமகத்துக்காகக் கிட்டாரின் மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குடைந்து, தந்தியை அழுத்தி வளைக்க வசதி பண்ணிக்கொண்டார். குறுக்கே சுருதித் தந்திகளும் போட்டுக்கொண்டார். அவ்வளவு சிரமப்பட்ட மனிதரை வாயார வாழ்த்தத்தான் வேண்டும்.

ஆனால் பதினெட்டு நிமிஷம் ஓடும் முதல் உருப்படி 'ஜாய்' இருக்கிறதே, அது எனக்குச் சந்தோஷம் தரவில்லை, களைப்புத் தந்தது. வேகம், மேலும் வேகம், அதற்குமேல் வேகம். கிட்டார் ஒன்று சொல்கிறது, வயலின் அதையே திருப்பிச் சொல்கிறது. இது இன்னும் சுருக்கமாக, அது இன்னும் சுருக்கமாக. ஜனங்கள் ஆரவாரம் செய்கிறார்கள். இதற்குப் பெயர் சம்பாஷணையா? ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொன்னால் அது பாடம் ஒப்பிப்பது. நம் கச்சேரிகளிலும் ஸ்வரக் குறைப்பில் வயலின்காரர் இதைச் செய்கிறார். நல்ல வயலின்காரர் அத்தனையையும் திருப்பிச் சொல்லாமல் ஓர் இடத்தில் சொந்தமாக ஒரு வார்த்தை போடுவார். அதற்குத்தான் நாம் தலையை ஆட்டுகிறோம். அதே தட்டில் 'லோட்டஸ் ஃபீட்' என்று ஐந்து நிமிஷத்துக்கும் குறைவான ஓர் உருப்படி இருக்கிறது. விளம்பத்தில் போகிறது. வயலினும் கிட்டாரும் ஒன்றுக்கொன்று வழிவிடுகின்றன. அதை நான் பல தடவை கேட்டுவிட்டேன். 'ஜாய்' கேட்டவர்கள் அடுத்தாற்போலவே வருகிற இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பது என் சந்தேகம். பெரிய கூட்டத்துக்கு எப்போதும் பட்டாசுதான் பிடிக்கும்.

இதே கோஷ்டியின் பெயரில், வேறு ஆட்களும் சேர்ந்து, 2023இல் 'திஸ் மொமெண்ட்' வந்தது. மறு வருஷம் கிராமி பரிசும் பெற்றது. மக்லாஃப்லினும் ஜாகீரும்தான் பழையவர்கள். விநாயக்ராமின் பிள்ளை செல்வகணேஷ், வயலினுக்கு கணேஷ் ராஜகோபாலன், பாட சங்கர் மகாதேவன். மெருகு ஏறியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஜாகீர் ஹுசேன் காலமானபிறகு அதை எடுத்துக் கேட்டபோது, தபலாவின் தனிப்பட்ட குரல் மட்டும் காதில் நின்றது. விமரிசனம் செய்கிற மனநிலை அப்போது இல்லை, ஆகையால் விட்டுவிடுகிறேன்.

இடையில் நம் ஊர்ச் சமாசாரம் ஒன்று. மெல்லிசை மன்னர்கள் இருவரில் ஒருவரான டி.கே. ராமமூர்த்தி, விசுவநாதனிடமிருந்து பிரிந்தபிறகு, 1969இல் எச்.எம்.வி. மூலம் கர்நாடக ஜாஸ் என்று பெயர் சொல்லியே ஒரு தட்டுப் போட்டார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வெளிநாட்டில் பழைய தட்டு சேகரிக்கிறவர்கள் அதைத் தேடிப்பிடித்து மறுபடி அச்சடித்தார்கள். சினிமா வாத்தியக்காரர்களின் கைச் சுத்தம் அதில் தெரிகிறது. ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டு, காலைத் தட்ட வைத்துவிட்டு, நொடியில் முடித்துவிடுகிறார். ஜாஸ் என்று சொல்லும் அளவுக்குக் கற்பனை ஓட இடமில்லை. எல்லாம் எழுதிவைத்த வாசிப்பு. கேட்கச் சுகமாயிருக்கிறது. அதற்குமேல் கேட்பது அந்தத் தட்டுக்கு அநியாயம் செய்வதாகும்.

இவ்வளவு பீடிகையும் எதற்கென்றால், 'ஜோதி' என்ற தட்டைப்பற்றிச் சொல்லத்தான். 1983 பிப்ரவரியில் ஜெர்மனியில் பதிவாகி, இ.சி.எம். கம்பெனி வெளியிட்டது. ஒரு பக்கம் சார்லி மரியானோ. பாஸ்டனில் பிறந்த இத்தாலிய வம்சத்து அமெரிக்கர், ஆல்டோ ஸாக்ஸபோன். சார்லஸ் மிங்கஸ் 1963இல் செய்த 'தி பிளாக் செயிண்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் ஸாக்ஸபோன் அழுவதைக் கேட்டவர்களுக்கு அவர் யார் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மறுபக்கம் நம் அண்டை வீட்டார்: 1964இல் பெங்களூரில் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்ற தாளவாத்தியக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். டி.ஏ.எஸ். மணி மிருதங்கம், ஆர்.ஏ. ராஜகோபால் கடமும் மோர்சிங்கும், டி.என். சசிகுமார் கஞ்சிரா. பாட்டு ஆர்.ஏ. ராமமணி, மணியின் மனைவி.

மரியானோ வெறுங்கையோடு வந்தவரில்லை. 1960களில் மலேசியாவில் வானொலி வாத்தியக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவர், அங்கே நாகஸ்வரத்தைக் கேட்டு மயங்கி அதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். பிறகு இந்தியாவுக்கும் வந்து பயின்றார். 1975இல் எபர்ஹார்ட் வெபர் என்ற ஜெர்மானியரின் 'எல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் ஸாக்ஸபோனோடு நாகஸ்வரமும் வாசித்திருக்கிறார். அத்தனை ஆசையோடு நாகஸ்வரம் கற்ற மனிதர், ராமமணியோடு உட்கார்ந்தபோது என்ன செய்தார் தெரியுமா? நாகஸ்வரத்தை வைத்துவிட்டார். 'ஜோதி'யில் அவர் வாசிப்பது ஸாக்ஸபோனும் புல்லாங்குழலும்தான். உங்கள் வீட்டு வாத்தியத்தை உங்களுக்கே வாசித்துக் காட்டமாட்டேன். எனக்குத் தெரிந்த பேச்சில் பேசுகிறேன் என்று சொல்வதுபோல் இருக்கிறது. என் அனுமானம்தான், காரணம் வேறாகவும் இருக்கலாம். விளைவு நல்லது.

தட்டு ராமமணியின் தனிக்குரலோடு ஆரம்பிக்கிறது. தாளம் இல்லை, ஸாக்ஸபோன் இல்லை. விருந்தாளியை உள்ளே விடுவதற்கு முன்னால் வீட்டு அம்மாள் வாசலில் கோலம் போடுவதைப்போல, இன்ன இடம், இன்ன சுருதி என்று தெரியப்படுத்திவிடுகிறார். அப்புறம்தான் மற்றவர்கள் வருகிறார்கள். கவனியுங்கள்: இந்தத் தட்டில் பியானோ இல்லை, கிட்டார் இல்லை, பேஸ் இல்லை. கொத்து ஸ்வரம் அடுக்குகிற வாத்தியமே கிடையாது. தரை நகராது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. ஆகவே விட்டுக்கொடுத்தவர் மரியானோ. ஜாஸ்காரரின் பிழைப்பே அந்த நகரும் தரைதான். அதை வெளியில் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

பதிலுக்கு என்ன பெற்றார்? அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ப்ளூஸ் சங்கீதத்தில் காந்தாரம் நம்முடைய சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே எங்கேயோ ஊசலாடும். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது; பாடகர்களும் ஸாக்ஸபோன்காரர்களும்தான் இழுத்துப் பிடிப்பார்கள். அடியில் கொத்து ஸ்வரம் இல்லாதபோது மரியானோவின் அந்த இழுப்புக்கு முழு இடம் கிடைக்கிறது. ராமமணி ஒரு கமகத்தோடு ஸ்வரத்தை விடுகிறார். மரியானோ தம் ஊர்ப் பாணியில் அதே ஸ்வரத்தை வளைக்கிறார். இரண்டும் ஒன்றல்ல. கமகம் அடுத்த ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. ப்ளூஸின் வளைவு நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டவன் குரல்போல் கீழே வழிகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கேட்கும்போது ஒன்றினால் மற்றது தெளிவாகிறது. கேள்வி கன்னடத்தில், பதில் தெலுங்கில். பூ மார்க்கெட்டில் நான் நித்தியம் கேட்பது.

தாளக்காரர்களைப்பற்றியும் சொல்லவேண்டும். வெளிநாட்டுத் தட்டுகளில் நம் மிருதங்கத்தைக் கறிவேப்பிலையாக்கி விடுவது வழக்கம். வாசனைக்குப் போட்டு, சாப்பிடும்போது ஒதுக்கிவிடுகிறார்கள். இங்கே கோர்வைகள்தான் உருப்படியின் எலும்புக்கூடு. வாயால் சொல்லும் சொற்கட்டு, கொன்னக்கோல், பாட்டுக்குச் சமமாக முன்னால் வருகிறது. மரியானோ அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இடத்தில் வந்து இறங்குகிறார். எங்கேயும் 'நான் வந்துவிட்டேன் பாருங்கள்' என்ற அட்டகாசம் இல்லை. மணியின் மிருதங்கமும் பேச்சு நடக்கும்போது அடங்கி நிற்கத் தெரிந்த மிருதங்கம்.

குறையே இல்லையா என்றால், உண்டு. அந்தக் கம்பெனிக்கு ஒரு வியாதி: எல்லாவற்றையும் பனிமூட்டத்துக்குள் வைத்துப் பதிவு செய்வது. தோல் வாத்தியத்தின் பச்சை நாதம், கன்னத்தில் அறைகிற மாதிரி வருவது, கொஞ்சம் குறைந்துதான் போயிருக்கிறது. நம் சபாக்களின் ஒலிபெருக்கி செய்கிற கொடுமைக்கு இது எவ்வளவோ மேல் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு ஒரு விஷயம். இந்தத் தட்டைப்பற்றி ஜெர்மனியில் எழுதினார்கள், பேசினார்கள். மரியானோ 2009இல் கொலோன் நகரில் காலமாகும்வரை இவர்களோடு உறவு வைத்திருந்தார். டி.ஏ.எஸ். மணி 2020இல் காலமானார். நம் பக்கத்தில் சங்கீதம் தெரிந்தவர்கள் என்று பெயர் எடுத்த பத்துப் பேரைக் கேட்டேன். சக்தியை எல்லோருக்கும் தெரிகிறது. ராமமணியின் பெயரைச் சொன்னவர் ஒருவர்தான். பதிவுப் பட்டியல்களில் தட்டு மரியானோவின் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. முதலில் குரல் கொடுத்து வீட்டைத் திறந்துவிட்டவர் பெயர் இரண்டாவது. மரியானோ அப்படிக் கேட்டிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். கடைக்காரர்களுக்கு ஒரு பெயர் வேண்டும். ஸாக்ஸபோன்காரர் பெயர் சுலபமாக விலைபோகிறது.

ஸாக்ஸபோன் என்றதும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது கத்ரி கோபால்நாத். 1994இல் வந்த 'டூயட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நாதம் மறக்காது. தென்கன்னடத்தில் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரண்மனை பாண்டில் ஸாக்ஸபோனைப் பார்த்து ஆசைப்பட்டு, அதன் விசைகளில் வேண்டிய மாறுதல் செய்துகொண்டு, கமகத்தை வரவழைத்தவர். அவருக்குப்பின் கர்நாடகத்தில் எத்தனையோ கல்யாணங்களில் தவிலுக்குப் பக்கத்தில் ஸாக்ஸபோன் வந்துவிட்டது. அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் முகூர்த்த நாட்களில் கேட்கிறேன். 1840களில் பெல்ஜியத்துக்காரர் ஒருவர் பட்டாளத்து பாண்டுக்காகச் செய்த பித்தளைக் குழாய், மாங்கல்யதாரணத்துக்குக் கெட்டிமேளம் சொல்கிறது. தூய்மைக் கட்சிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடுகிறார்கள்.

இந்தக் கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகாந்தப்பா என்ற அமெரிக்க ஆல்டோ ஸாக்ஸபோன்காரரும் சேர்ந்து செய்த 'கின்ஸ்மென்' 2008இல் வந்தது. மகாந்தப்பா கன்னடக் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவில் வளர்ந்து ஜாஸ் படித்தவர். படிக்கிற காலத்தில் அவருடைய அண்ணன் விளையாட்டாகக் கோபால்நாத்தின் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். விளையாட்டு வினையாயிற்று. வயலின் ஏ. கன்னியாகுமரி, மிருதங்கம் பூவலூர் ஸ்ரீஜி, கிட்டார் ரெஸ் அப்பாஸி (கராச்சியில் பிறந்தவர்); இவர்களோடு அமெரிக்க பேஸும் டிரம்ஸும்.

ஒரே வாத்தியம், இரண்டு பேர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் யார் என்று தெரியுமா? ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கோபால்நாத்தின் மூச்சு நாகஸ்வரக்காரர் மூச்சு. ஸ்வரத்தின் விளிம்பெல்லாம் உருண்டு வரும். மகாந்தப்பாவின் மூச்சு நியூயார்க் தெருவில் நடப்பவருடையது. விளிம்புகள் கூர்மையானவை, வாக்கியம் பாதியில் திரும்பும். 'கணேஷா' என்ற உருப்படியில் இவர்கள் ஒருவரையொருவர் காப்பியடிப்பதேயில்லை. இங்கே கிட்டாரும் பேஸும் இருப்பதால் தரை அசையத்தான் செய்கிறது. 'ஜோதி'யில் ஜாஸ்காரர் விட்டுக்கொடுத்தார். இங்கே கோபால்நாத் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார். அசைகிற தரையில் அவர் சுருதியைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சில இடங்களில் தடுமாற்றம்போலவும் கேட்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. உருப்படிகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஆலாபனைகள் தனித்தனியே வைத்திருப்பது நல்ல யோசனை. கன்னியாகுமரியின் வயலின் ஆலாபனை வருமிடத்தில் மற்ற எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிகிறது.

'தீர்த்தா' என்று 2011இல் ஒன்று. விஜய் ஐயர் பியானோ. அமெரிக்காவில் பிறந்த தமிழர். 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். பிரசன்னா கிட்டார்; நிதின் மிட்டா தபலா. இதில் ஒரு தனி வேடிக்கை இருக்கிறது. பியானோவில் கமகம் என்பது முடியாத காரியம். கட்டையை அமுக்கினால் அந்த ஸ்வரம்தான், தந்தியைத் தொட முடியாது. பிரசன்னாவின் கிட்டாரோ கர்நாடக சங்கீதத்திலேயே ஊறியது. எப்படி வேண்டுமானாலும் வளையும். வளையாததும் வளைவதும் ஒரே பாட்டை வாசித்தால்? ஐயர் கெட்டிக்காரர். பிரசன்னா வளைக்கிற இடத்தில் தாம் ஸ்வரத்தைத் தொடாமல் லயத்துக்குப் போய்விடுகிறார்; பியானோவைக் கொட்டு வாத்தியமாக்கிவிடுகிறார். அறிவுக்கு மிகவும் திருப்தி. இன்னும் கொஞ்சம் அசடாக இருந்திருக்கலாமோ என்றும் ஓர் எண்ணம் வருகிறது.

இந்தத் தட்டுகளை இப்போது தேடி அலையவேண்டியதில்லை. பெரும்பாலானவை கைப்பேசியிலேயே கிடைத்துவிடுகின்றன. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. பத்து விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவ முடியும். ஒன்றே ஒன்று கேட்கப் போகிறவர்கள் 'ஜோதி'யைக் கேளுங்கள். ஆரம்பத்தில் வருகிற தனிக்குரலை, மேளம் எப்போது வரும் என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் பஸ்கள் ஓய்ந்தபிறகு, பதினொரு மணிக்குமேல், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன். தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அப்போது கேட்டதில்தான் மரியானோ முதலில் நுழைகிற இடம் எனக்குச் சரியாகப் பிடிபட்டது.